எழுத்துகளைக் கொடுத்தால் சொற்கள் கிடைப்பது எப்படி? மட்டாஞ்சேரியின் பெயர் சொல்லும் பாடம்

கொச்சி: கேரள மாநிலம் கொச்சியின் பழமையான வணிகப் பகுதி மட்டாஞ்சேரி. இப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 12 எழுத்துகள் வரும். அந்த 12 எழுத்துகளையும் ஒன்றுகூட மிச்சமின்றிக் கலைத்து அடுக்கினால், வணிகர் என்று பொருள்படும் 'மெர்ச்சன்ட்', தட்டு என்று பொருள்படும் 'ட்ரே' ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்கள் கிடைக்கின்றன. மிளகும் ஏலக்காயும் சுக்கும் நூற்றாண்டுகளாகக் கைமாறிய ஓர் ஊரின் பெயருக்குள் வணிகர் இருப்பது வியப்பைத் தரலாம். ஆனால், அது வெறும் தற்செயல்.

கொடுக்கப்பட்ட எழுத்துகளைக் கொண்டு ஆங்கிலச் சொற்களைக் கண்டறிவது குறுக்கெழுத்து, ஸ்கிராபிள், வேர்டில் போன்ற விளையாட்டுகளிலும், போட்டித் தேர்வு வினாக்களிலும், பள்ளி மாணவர்களின் சொல்வளப் பயிற்சியிலும் இன்று வழக்கமாகிவிட்டது. கைபேசியில் எழுத்துகளை இட்டால் நொடிப்பொழுதில் ஒரு சொற்பட்டியல் வந்து நிற்கிறது. அப்பட்டியல் எவ்வாறு உருவாகிறது? அதிலிருந்து எதை அறியலாம், எதை அறிய முடியாது? மட்டாஞ்சேரி, கொச்சி ஆகிய பெயர்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விரிவாகக் காண்போம்.

ஒரே கேள்வி அல்ல, நான்கு கேள்விகள்

'இந்த எழுத்துகள் கொண்ட சொற்கள் எவை?' என்பது கேட்பதற்கு ஒரே கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அதற்குள் நான்கு வெவ்வேறு கேள்விகள் அடங்கியுள்ளன. தேடும்போது ஏற்படும் குழப்பம் பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது.

முதலாவது, எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தி, வேறு எதையும் சேர்க்காமல் அமையும் சொல். கொச்சி என்பதன் இன்றைய ஆங்கில வடிவம் கே-ஓ-சி-எச்-ஐ. இந்த ஐந்து எழுத்துகளை இடம் மாற்றினால் 'ஹாய்க்' என்ற சொல் கிடைக்கும். வெடுக்கென்று தூக்குதல் அல்லது இழுத்தல் என்பது அதன் பொருள். ஸ்கிராபிள் பலகையில் கொச்சி என்ற ஊர்ப்பெயரை வைக்க முடியாது. ஆனால், அதே வில்லைகளைக் கொண்டு 'ஹாய்க்' வைத்தால் 14 புள்ளிகள் கிடைக்கும்.

இரண்டாவது, கொடுத்த எழுத்துகளில் சிலவற்றை மட்டும் கொண்டு அமையும் சொல். அதே ஐந்து எழுத்துகளில் இருந்து, அடகு என்ற பொருளும் உடைய 'ஹாக்', மூங்கில் திரையைக் குறிக்கும் 'சிக்' ஆகியவை கிடைக்கின்றன.

மூன்றாவது, கொடுத்த எழுத்துகள் அனைத்தும் கட்டாயம் இருக்க வேண்டும், கூடுதலாக வேறு எழுத்துகளும் இருக்கலாம் என்பது. இப்படித் தேடினால் 'சோக்கிங்', 'ஷாக்கிங்', 'ஹிக்கரி' போன்ற சொற்கள் வருகின்றன. கொச்சியின் ஐந்து எழுத்துகளும் இவை ஒவ்வொன்றிலும் சிதறிக் கிடக்கின்றன.

நான்காவது, எழுத்துகள் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும் என்பது. குறுக்கெழுத்தில் மூன்றாம் கட்டத்தில் 'டி' என்று தெரிந்திருந்தால், அந்த இடத்தைப் பொருத்தியே சொல்லைத் தேட வேண்டும். வேர்டில் விளையாட்டில் பச்சை நிறம் இடத்தையும், மஞ்சள் நிறம் எழுத்து இருப்பதை மட்டும் காட்டுவதும் இந்த வேறுபாட்டின் அடிப்படையில்தான்.

தேடத் தொடங்கும் முன் இந்த நான்கில் எது தேவை என்று முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எழுத்துகளைக் கலைப்பதா, அகராதியைப் புரட்டுவதா?

எழுத்துகள் கையில் கிடைத்தவுடன் அவற்றை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பதே இயல்பாகத் தோன்றும் வழி. கொச்சியின் ஐந்து எழுத்துகளை 120 விதமாக அடுக்கலாம். பொறுமை இருந்தால் அனைத்தையும் எழுதிப் பார்த்துவிடலாம்.

மட்டாஞ்சேரிக்கு இது பொருந்தாது. அதன் 12 எழுத்துகளில் ஏ, டி, ஆர் ஆகியவை இரண்டு முறை வருகின்றன. அதைக் கழித்துக் கணக்கிட்டாலும் 5 கோடியே 98 லட்சத்து 75 ஆயிரத்து 200 வரிசைகள் உருவாகும். இது 12 எழுத்துகளையும் பயன்படுத்தும் வரிசைகளின் எண்ணிக்கை மட்டுமே.

மறுபுறம், உலக ஸ்கிராபிள் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் சொற்பட்டியலில் உள்ள சொற்கள் சுமார் 2.8 லட்சம். ஆகவே எழுத்துகளைக் கலைத்து அது சொல்லா என்று பார்ப்பதைவிட, பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதற்குத் தேவையான எழுத்துகள் நம்மிடம் உள்ளனவா என்று பார்ப்பது பலமடங்கு எளிது. சொல் தேடும் செயலிகள் பொதுவாக இவ்வாறுதான் இயங்குகின்றன.

கணினி எப்படிச் சரிபார்க்கிறது?

இந்தச் சரிபார்ப்பில் மூன்று முறைகள் முக்கியமானவை.

ஒன்று, அகர வரிசைப்படுத்துதல். கே-ஓ-சி-எச்-ஐ என்பதை ஆங்கில அகர வரிசையில் அடுக்கினால் சி-எச்-ஐ-கே-ஓ என்று வரும். 'ஹாய்க்' என்ற சொல்லின் எழுத்துகளை அடுக்கினாலும் அதே சி-எச்-ஐ-கே-ஓ வரும். பட்டியலில் உள்ள எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே இப்படி அடுக்கி வைத்துவிட்டால், ஒரே எழுத்துகளைக் கொண்ட சொற்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். பிறகு தேடுவது தொலைபேசிப் புத்தகத்தில் பெயரைப் பார்ப்பது போன்றது.

இரண்டு, எண்ணிக்கை ஒப்பீடு. ஒரு சொல்லில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டு, நம்மிடம் உள்ள எண்ணிக்கையுடன் ஒப்பிட வேண்டும். மட்டாஞ்சேரியில் இருந்து 'மேட்டர்' கிடைக்கும். ஆனால், கந்தலைக் குறிக்கும் 'டேட்டர்' கிடைக்காது. அதற்கு மூன்று 'டி' தேவை, நம்மிடம் இருப்பதோ இரண்டு.

மூன்று, இருக்கிறதா இல்லையா என்ற சோதனை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும் 26 விளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சொல்லில் உள்ள எழுத்துகளுக்கான விளக்குகள் மட்டும் எரியும். இரண்டு சொற்களின் விளக்குகளை ஒப்பிடுவது கணினிக்கு மிக விரைவான வேலை. ஆனால், ஓர் எழுத்து இருமுறை வருவதை இம்முறை காட்டாது. எனவே இதில் தேறிய சொற்களை மட்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது வழக்கம்.

இதற்கும் மேலாக, ஒரே மாதிரித் தொடங்கும் சொற்களையும் ஒரே மாதிரி முடியும் சொற்களையும் கிளைகளாகப் பின்னி வைக்கும் அமைப்பு உண்டு. ஆண்ட்ரூ அப்பெல், கை ஜேக்கப்சன் ஆகிய கணினி அறிஞர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்த அமைப்பைப் பயன்படுத்தி மிக வேகமான ஸ்கிராபிள் நிரலை உருவாக்கும் வழியைக் காட்டியது.

கையால் தேடுவது எப்படி?

செயலி இல்லாமலும் தேடலாம். அதற்குச் சில பழக்கங்கள் உதவும்.

முதலில் உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் பிரித்து எழுத வேண்டும். மட்டாஞ்சேரியில் ஏ, ஏ, ஈ ஆகிய மூன்றும் உயிர்கள். உயிர்போல ஒலிக்கும் 'ஒய்' ஒன்று உண்டு. மீதமுள்ள எட்டும் மெய்கள்.

அடுத்து, ஆங்கிலத்தில் சேர்ந்தே வரும் இணைகளைத் தேட வேண்டும். 'சி'யும் 'எச்'சும் இருப்பதால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் 'செர்ரி', 'சார்ட்டர்' போன்றவை புலப்படும். பிறகு சொல்லின் முடிவுகளைப் பார்க்க வேண்டும். ஏ-என்-டி என்ற முடிவை எடுத்துக்கொண்டால் 'மெர்ச்சன்ட்' தோன்றும். அதனுடன் ஆர்-ஒய் சேர்த்தால், வணிகத் தொழிலையோ வணிகர் கூட்டத்தையோ குறிக்கும் 'மெர்ச்சன்ட்ரி' என்ற பத்தெழுத்துச் சொல் கிடைக்கும். இது பெரிய அகராதிகளில் மட்டும் காணப்படும் அரிய சொல்.

நீண்ட சொற்களைத் தேடி முடித்தபின் குறுஞ்சொற்களுக்கு வரலாம். பிரம்பைக் குறிக்கும் 'ரட்டான்', தேனைக் குறிக்கும் 'நெக்டர்', ஜாதிபத்திரியைக் குறிக்கும் 'மேஸ்' ஆகியவையும் மட்டாஞ்சேரியின் எழுத்துகளில் அடங்கியுள்ளன.

எந்த எழுத்து அடிக்கடி வரும் என்ற அறிவும் உதவும். ஸ்கிராபிளை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களில் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தே வில்லைகளின் எண்ணிக்கையையும் புள்ளிகளையும் வகுத்தார். அதனால்தான் 100 வில்லைகளில் 'ஈ'க்கு 12 இடங்களும், 'க்யூ', 'இசட்' ஆகியவற்றுக்குத் தலா ஓர் இடமும் கிடைத்தன.

ஒரே ஊர், இரண்டு எழுத்துக்கூட்டல்

எழுத்தை மட்டும் பார்த்துத் தேடுவதில் உள்ள இடர்ப்பாட்டையும் இந்த ஊரே காட்டுகிறது. கொச்சியின் பழைய ஆங்கிலப் பெயர் 'கொச்சின்'. 1996-இல் அது அதிகாரபூர்வமாகக் 'கொச்சி' ஆனது. பழைய வடிவம் சி-ஓ-சி-எச்-ஐ-என். அதில் 'கே' இல்லை. புதிய வடிவத்தில் 'என்' இல்லை, 'சி'யும் ஒன்றுதான்.

எழுத்து மாறினால் கிடைக்கும் சொற்களும் மாறிவிடுகின்றன. பழைய வடிவத்தில் இருந்து நாணயத்தைக் குறிக்கும் 'காயின்', சங்கைக் குறிக்கும் 'காங்க்', அங்குலத்தைக் குறிக்கும் 'இன்ச்' ஆகியவை கிடைக்கும். ஆறு எழுத்துகளையும் இடம் மாற்றினால், சிக்கரிச் செடியின் வெண்தளிரைக் குறிக்கும் 'சிகான்' கிடைக்கும். இந்த ஆறு எழுத்துகளையும் தன்னுள் கொண்ட நீண்ட சொற்களில் ஒன்று, வரலாற்றுக் குறிப்பேட்டைக் குறிக்கும் 'கிரானிக்கிள்'. 'எக்கோயிங்' என்ற சொல்லும் அப்படியே தோன்றும். ஆனால், அதில் ஒரே ஒரு 'சி' இருப்பதால் அது தேறாது.

விளையாட்டில் இது சுவையான வேறுபாடு. ஆவணங்களைத் தேடும்போதோ இது நேரடிச் சிக்கலாக மாறுகிறது. கொச்சி மெட்ரோவும், 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைவிழாவும் புதிய பெயரைத் தாங்கியுள்ளன. கொச்சின் கப்பல் கட்டும் தளமும், கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், கொச்சின் பன்னாட்டு விமான நிலைய நிறுவனமும் பழைய பெயரிலேயே இயங்குகின்றன. பழைய சான்றிதழ், கப்பல் பதிவு, சொத்து ஆவணம் ஆகியவற்றைக் கணினியில் தேடுவோர் ஒரு வடிவத்தை மட்டும் இட்டால், மற்றொன்றில் உள்ளவை கண்ணில் படாமலேயே போய்விடும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. அதே 1996-இல்தான் மெட்ராஸ் சென்னையானது. ஆனால், ஐஐடியும் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் என்றே வழங்குகின்றன. ஊர்ப்பெயரைத் தேடும்போது எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தனித்தனியே இட்டுப் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

எழுத்து ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருக்கலாம் என்பதற்கும் கொச்சின் சான்றாகிறது. ஊர்ப்பெயர்களை ஏற்காத ஸ்கிராபிள் பட்டியலில் 'கொச்சின்' என்ற சொல் இடம்பெற்றுள்ளது. அது இந்த ஊரைக் குறிப்பதன்று. கால்களிலும் இறகு அடர்ந்த ஒரு பெரிய கோழி இனத்தைக் குறிப்பது. அந்தக் கோழி 19-ஆம் நூற்றாண்டில் சீனாவில் இருந்து பிரிட்டனுக்குச் சென்றது. இன்றைய தெற்கு வியட்நாமை ஐரோப்பியர் 'கொச்சின்-சைனா' என்று அழைத்தனர். அப்பெயரே கோழிக்கு ஒட்டிக்கொண்டது. கேரளத்துக்கும் அக்கோழிக்கும் தொடர்பில்லை.

சந்தையில் இருந்து அகராதிக்கு

அப்படியானால் கொச்சிக் கடற்கரையோடு உண்மையான உறவுடைய ஆங்கிலச் சொற்கள் எவை? அவை இப்பெயர்களின் எழுத்துகளில் இருந்து கிடைப்பவை அல்ல. இக்கரையில் பேசப்பட்ட மொழியில் இருந்து வணிகத்தின் வழியே சென்றவை.

1500-ஆம் ஆண்டு இறுதியில் போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கொச்சிக்கு வந்தார். அதன்பின் 1663-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றும் வரை போர்த்துகீசியர் இங்கு வலுவாக இருந்தனர். அவர்கள் வாங்கிய சரக்குகளின் மலையாளப் பெயர்கள் போர்த்துகீசிய மொழிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆங்கிலத்தை அடைந்தன.

தென்னை நாரைக் குறிக்கும் 'காயர்' என்ற ஆங்கிலச் சொல் மலையாளத்தின் 'கயர்' என்பதில் இருந்து பிறந்தது. அது தமிழின் கயிறுதான். உலர்ந்த தேங்காயைக் குறிக்கும் 'கொப்ரா' நமது கொப்பரை. 'டீக்' என்பது தேக்கு. 'பீட்டல்' என்பது வெற்றிலை. 'ஜாக்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பலா, மலையாளத்தின் 'சக்க' என்பதன் மாற்றம். பாக்கைக் குறிக்கும் 'அரீகா', மலையாளத்தின் 'அடக்க', தமிழின் அடைக்காய் ஆகியவற்றோடு உறவுடையது. தமிழகக் கரையில் இருந்து கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் இவ்வாறே 'காட்டமரன்', 'செரூட்', 'மல்லிகட்டானி' என்ற வடிவங்களில் ஆங்கில அகராதிக்குள் சென்றன.

மட்டாஞ்சேரி, கொச்சி, கொச்சின் ஆகிய மூன்று பெயர்களின் எழுத்துகளையும் இச்சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியவரும். 'காயர்' இம்மூன்றில் எதில் இருந்தும் கிடைக்காது. 'கொப்ரா', 'டீக்', 'பீட்டல்', 'ஜாக்' ஆகியவையும் கிடைக்கா. 'அரீகா' மட்டும் மட்டாஞ்சேரியின் எழுத்துகளில் அடங்கும். அதுவும் தற்செயலே.

எழுத்துப் பொருத்தம் வேறு, சொல்லின் உறவு வேறு. 'டீக்' என்பதன் நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால், எடு என்று பொருள்படும் 'டேக்' கிடைக்கும். அதனால் தேக்குக்கும் எடுப்பதற்கும் உறவு உண்டாகிவிடாது. தேக்குக்கும் 'டீக்' என்பதற்கும் உள்ள உறவை எந்த எழுத்துத் தேடல் செயலியும் காட்டுவதில்லை. அது சொல்லின் வரலாற்றைப் படித்தால் மட்டுமே தெரியும்.

பொருள் தெரியாமலும் வெல்லலாம்

எழுத்தறிவும் சொல்லறிவும் வெவ்வேறு என்பதற்கு உலகப் போட்டிகளிலேயே சான்று உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அவ்வாறே கைப்பற்றினார். சொற்பட்டியலை எழுத்து வரிசைகளாக மனத்தில் பதித்துக்கொண்டதே அவரது வெற்றிக்குக் காரணம்.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியின் முறை இதற்கு நேர்மாறானது. அங்கு போட்டியாளர், சொல்லின் பொருளையும் எந்த மொழியில் இருந்து வந்தது என்பதையும் நடுவரிடம் கேட்டறியலாம். மூலமொழி தெரிந்தால் எழுத்துக்கூட்டலை ஊகிக்க முடியும் என்பதே காரணம். 1985-இல் அப்பட்டத்தை வென்ற முதல் இந்திய வம்சாவளி மாணவர் பாலு நடராஜன். அதன்பின் இந்திய வம்சாவளிக் குழந்தைகள் பலர் அதே மேடையில் வென்றுள்ளனர்.

சொல் தேடும் செயலியைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. செயலி 50 சொற்களைக் காட்டினாலும், அவற்றில் ஐந்தின் பொருளையும் பிறப்பையும் அகராதியில் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் எழுதினால் அவை நினைவில் தங்கும். பட்டியலை மட்டும் பார்த்துக் கடந்தால் விளையாட்டில் புள்ளிகள் கிடைக்கும். சொல்வளம் கிடைக்காது.

தமிழில் தேடினால் என்ன ஆகும்?

ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்குப் பயன்படுத்த முடியாது. 'கொச்சி' என்ற சொல் நம் கண்ணுக்கு கொ, ச், சி என மூன்று எழுத்துகள். கணினியின் யூனிகோட் முறையில் அது ஆறு குறியீடுகள். மெய்யின் வடிவம் தனியாகவும், கொக்கி, புள்ளி போன்ற குறிகள் தனியாகவும் சேமிக்கப்படுகின்றன. 'மட்டாஞ்சேரி' நமக்கு ஆறு எழுத்துகள், கணினிக்குப் பதினொன்று.

குறியீடுகளைக் கலைத்தால் புள்ளி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் போய் நிற்கும். எனவே தமிழில் சொல் தேடும் நிரல், குறியீடுகளை முதலில் முழு எழுத்துகளாகச் சேர்த்துக்கொண்டு, அதன்பிறகே வரிசைப்படுத்தவோ எண்ணவோ வேண்டும். தமிழுக்கு 247 எழுத்துகள் என்பதால் எண்ணிக்கை அட்டவணையும் பெரிதாகும்.

மட்டாஞ்சேரியின் தெருக்களில் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் இன்றும் ஒலிக்கின்றன. அங்குள்ள பரதேசி யூத ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. ஒரே சரக்கைப் பல மொழியினர் பல பெயர்களால் அழைத்து, பல எழுத்துகளில் குறித்து வைத்த ஊர் அது. எழுத்துகளைக் கலைத்து 'மெர்ச்சன்ட்' என்ற சொல்லைக் கண்டெடுப்பது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. 'காயர்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் அது நம் வீட்டுக் கயிறு என்று அறிந்துகொள்வது, படிப்பவரின் கையில்தான் உள்ளது.